மரப் படகுக்கு எந்தக் கண்ணாடியிழைத் துணி?

(மாத்தளை மாவட்டத்தின் பலாபத்வலையில், மாதிரிப் படகு செய்யும் மாணவர்களும் தச்சுத் தொழிலாளரும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில், ஏ-9 வீதியோரத்தில், மிளகும் கொக்கோவும் விளையும் ஊரில் படகைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர் 1976 முதல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே உக்குவலைக்கு வருகிறது. அங்கிருந்து சுது கங்கையில் இறங்கி, அம்பன் கங்கையில் சேர்ந்து, போவத்தென்னையில் தேங்குகிறது. வெமெடில்ல, கண்டலம என்று இந்த மாவட்டத்தில் குளங்களுக்கும் குறைவில்லை. தண்ணீர் இருக்கிற இடத்தில் பிள்ளைகள் படகு விடத்தான் செய்வார்கள். அந்தப் படகு இரண்டு நாளில் நீர் குடித்து, பலகை பிளந்து, கரையோரம் சாய்ந்துவிடக் கூடாது என்பதுதான் நம்முடைய கவலை.

மேடைக்கு வருமுன் ஒரு தம்பி கேட்டார்: "கராஜில் பம்பருக்கு ஒட்டுகிற பைபரையே வாங்கி ஒட்டினால் போதாதா, சேர்?" இன்றைய பேச்சு முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான். போதாது, தம்பி. அது மரப் படகுக்கு ஏற்றதே அல்ல. ஏன் என்பதை விளக்கமாகச் சொல்கிறேன்.

நம்மவர்களுக்குக் கண்ணாடியிழை புதிதல்ல. 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டவரின் உதவியோடு தொடங்கிய சீநோர் நிறுவனம் காரைநகரில் படகு கட்டும் தளத்தை நடத்தியது. வடக்கின் மீனவர் பலர் மரவள்ளத்திலிருந்து பைபர் படகுக்கு மாறியதில் அந்தத் தளத்துக்குப் பெரிய பங்குண்டு. போர் அந்தத் தளத்தைச் சிதைத்தது. தொழில் மட்டும் சிதையவில்லை. இன்று மன்னார் முதல் மட்டக்களப்பு வரை கரையில் இழுத்து வைத்திருக்கும் சிறு படகுகளில் பெரும்பாலானவை பைபர்தான். அந்தக் கைப்பழக்கமே உள்நாட்டுக்கும் வந்து பஸ் பொடியாகவும், ஓட்டோவின் பம்பராகவும், தண்ணீர்த் தாங்கியாகவும் ஆனது. ஆகவே நம் கடைகளில் 'பைபர்' என்று கேட்டால் எடுத்து வைப்பது இரண்டே பொருள்கள்: தும்பு தும்பாக வெட்டிய இழைகளைப் பரப்பி அழுத்திய மேட், அதற்குரிய பொலியெஸ்டர் ரெசின்.

பைபர் படகு எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். முதலில் ஓர் அச்சு. அதற்குள் மெழுகு பூசி, ஜெல்கோட் என்ற நிறமுள்ள மேற்பூச்சு அடித்து, மேட்டை மேல் மேலாக அடுக்கி, ரெசின் ஊற்றி உருளையால் உருட்டுகிறார்கள். இறுகியதும் அச்சிலிருந்து கழற்றினால் அதுதான் படகு. அங்கே மரமே இல்லை. அலையின் அடி, இயந்திரத்தின் உதறல், மணலில் இழுக்கும் இழுவை எல்லாவற்றையும் கண்ணாடியும் ரெசினும்தான் தாங்க வேண்டும். அதற்குத் தடிப்பு வேண்டும். தடிப்பைக் குறைந்த செலவில் ஏற்ற மேட்டை மிஞ்சிய பொருள் இல்லை.

நீங்கள் செய்வது அதுவல்ல. வங்கு என்ற விலாச்சட்டங்களை நிறுத்தி, ஏரா என்ற அடிமரத்திலிருந்து மேல்நோக்கி மெல்லிய பலகைக் கீற்றுகளை ஒன்றோடொன்று ஒட்டி ஒரு முழுமையான மரப் படகை ஏற்கெனவே செய்து முடித்துவிட்டீர்கள். அதன் பலம் மரத்தில் இருக்கிறது. துணியிடம் நாம் கேட்பது மூன்றே உதவிகள். தண்ணீர் மரத்துக்குள் இறங்காமல் தடுக்க வேண்டும். மரம் எப்போதும் நார் ஓடும் திசையில்தான் பிளக்கும். அந்தப் பிளவுக்குக் குறுக்கே ஒரு பிடி வேண்டும். கல்லில் உரசினால் நசுங்காத ஒரு கடினமான மேல்தோல் வேண்டும். இம்மூன்றுக்கும் மிக மெல்லிய துணியே தாராளம். அதற்கு மேல் நீங்கள் ஏற்றுவதெல்லாம் வீண் பாரம்.

பாரம் என்று சொல்லும்போது ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் மாற்றினார். நம்மவர்கள் ஓட்டிச் சென்று 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தில் அதைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கண்ணாடியிழையை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்த ஓவன்ஸ் கோர்னிங் கம்பனி தொடங்கியதும் அதே 1938இல்தான். ஆகவே அந்தக் கப்பல் ஓர் இழை கண்ணாடி இல்லாமல், கலப்பத்து அடைத்த வெறும் மரமாகவே அத்திலாந்திக்கைக் கடந்தது.

அந்த மாதிரி ஒரு கப்பலை 50இல் ஒரு பங்கு அளவில் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீளம் 50இல் ஒன்றாகிறது. மேற்பரப்பு 50 தடவை 50, அதாவது 2,500இல் ஒன்றாகிறது. ஆனால் அது மிதக்கும்போது தாங்கக்கூடிய எடை 1,25,000இல் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. 100 தொன் கப்பலுக்குச் சரியான மாதிரி 800 கிராம்தான் இருக்கலாம். படகு சிறுக்கச் சிறுக்க, தோலின் பரப்பைவிடத் தாங்கும் எடை வேகமாகக் குறைகிறது என்பதை மனதில் இருத்துங்கள். பெரிய படகில் ஒருவரும் கவனிக்காத ஒரு படை மேட், சிறிய படகை நீர்க்கோட்டுக்குக் கீழே அமுக்கிவிடும். அதைவிட மோசம், அந்தப் பாரத்தில் பாதி நீர்க்கோட்டுக்கு மேலே, பக்கப்பலகைகளில் ஏறி நிற்கும். காற்றில் படகு கவிழ அதுவே காரணமாகும்.

போட்டிப் படகைப் பாருங்கள். உலகெங்கும் ஓட்டப்படும் ஒரு மீற்றர் வகுப்புப் பாய்ப்படகின் மொத்த எடை 4 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது விதி. அதில் 2.2 முதல் 2.5 கிலோ வரை அடியில் தொங்கும் ஈயக்குண்டும் அதன் தண்டும் எடுத்துக்கொள்ளும். மீதி ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவுக்குள்தான் படகின் உடல், பாய்மரம், பாய், ரேடியோ, மின்கலம் அனைத்தும் அடங்க வேண்டும். அப்படி ஒரு படகின் வெளிப்புறம் ஏறக்குறைய 0.3 சதுர மீற்றர் வரும். 300 கிராம் மேட் தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ரெசின் குடிக்கும். ஆக 0.3 சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 300 கிராம் ஏறிவிடும். 50 கிராம் துணியை எபொக்சி என்ற ரெசினில் ஒட்டி, மேலே இரண்டு மெல்லிய பூச்சுக் கொடுத்தால் 60, 70 கிராமில் வேலை முடிந்துவிடும்.

இப்போது 50 கிராம், 300 கிராம் என்று சொன்னேன் அல்லவா? அது ஒரு சதுர மீற்றர் துணியின் எடை. கண்ணாடியிழையை எப்போதும் இந்த எண்ணைக் கேட்டே வாங்குங்கள். 'மெல்லியது', 'தடித்தது' என்று கேட்டால் கடைக்காரருக்கு மெல்லியதாகத் தெரிவது வேறு, உங்களுக்கு மெல்லியதாக வேண்டியது வேறு. இதில் பலர் விழும் ஒரு குழி உண்டு. அதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பழைய அளவுமுறையில் இரண்டையும் அவுன்ஸில்தான் சொல்வார்கள். நெய்த துணிக்கு அவுன்ஸ் என்றால் ஒரு சதுர யாருக்கு. மேட்டுக்கு அவுன்ஸ் என்றால் ஒரு சதுர அடிக்கு. ஒரு சதுர யாரில் ஒன்பது சதுர அடி. ஆகவே 1 அவுன்ஸ் துணி என்பது சதுர மீற்றருக்கு 34 கிராம். 1 அவுன்ஸ் மேட் என்பது சதுர மீற்றருக்கு 300 கிராமுக்குச் சற்று மேல். பெயர் ஒன்று, எடை ஒன்பது மடங்கு! வெளிநாட்டுப் புத்தகத்தில் '2 அவுன்ஸ்' என்று படித்துவிட்டு, கடையில் அவுன்ஸ் சொல்லிக் கேட்டு, மேட்டோடு வீட்டுக்குப் போகாதீர்கள். 2 அவுன்ஸ் துணி என்றால் 68 கிராம். அந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

சரி, எத்தனை கிராம் எடுப்பது? என் தீர்ப்பைச் சொல்கிறேன். அரை மீற்றருக்கு உட்பட்ட படகுக்கு 25 கிராமும் போதும், 50 கிராம் என்றால் நிம்மதி. ஒரு மீற்றர் வரையான பாய்ப்படகுக்கு 50 முதல் 80. மோட்டார் பூட்டிக் கரையில் மோத விடுகிற படகு என்றால் 80 முதல் 110. ஒன்றரை மீற்றருக்கு மேற்பட்ட, இருவர் சேர்ந்து தூக்கவேண்டிய இழுவைக் கப்பல் மாதிரிகளுக்குத்தான் 160, 200 எல்லாம். அணியம் எனப்படும் முன்முனையின் விளிம்புக்கும் ஏராவுக்கும் மட்டும் அதே துணியில் இரண்டு விரலளவு கீற்று வெட்டி இரண்டாம் படையாகக் கொடுங்கள். அடி விழுவது அங்கேதான். முழுப் படகையும் தடிப்பாக்குவதைவிட இது எவ்வளவோ மேல். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகும் மாதிரிக்குத் துணியே வேண்டாம். தச்சரின் வேலை தெரியட்டும்.

எடைக்கு அடுத்தது நெசவு. பாவும் ஊடையும் ஒன்றுவிட்டு ஒன்று ஏறி இறங்கும் சாதா நெசவு, கையாளும்போது கலையாது. தட்டையான பக்கங்கள் உள்ள படகுக்கு நல்லது. ஜீன்ஸ் துணியில் சாய்வு வரியாகத் தெரியுமே, அந்த ட்வில் நெசவு வளைவுகளில் நன்றாகப் படியும். ஆனால் ஓரம் பிரிந்து கொட்டும். ஐம்பது அறுபது கிராம் துணியில் இந்த வேறுபாடு பெரிதல்ல. மெல்லிய துணி எந்த நெசவானாலும் சொன்னபடி வளையும். நூறு கிராமைத் தாண்டி, வயிறு பெருத்த பழைய பாய்க்கப்பல் மாதிரி செய்பவர் ட்வில்லைத் தேடலாம். தையற்காரருக்குத் தெரிந்த உபாயம் ஒன்று இங்கேயும் கைகொடுக்கும்: துணியை மூலைவாட்டில் வெட்டிப் போட்டால் அணியத்தின் வளைவிலும் பின்பகுதியான அமரத்தின் திருப்பத்திலும் மடிப்பில்லாமல் இழுபடும்.

மேட் ஏன் கூடாது என்பதற்கு எடை மட்டும் காரணமல்ல. அதன் இழைகள் கலையாமல் இருக்க ஒரு பசை சேர்த்திருக்கிறார்கள். பொலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் அந்தப் பசையைக் கரைத்து மேட்டை இளக்கும். எபொக்சியில் ஸ்டைரீன் கிடையாது. பசை கரையாது, மேட் விறைத்தபடி நிற்கும், அணியத்தின் விளிம்பில் ஒட்ட ஒட்ட எழும்பும், வெள்ளைத் திட்டுகள் மறையவே மறையா. "அப்படியானால் பொலியெஸ்டரையே ஊற்றலாமே" என்பீர்கள். மரத்தோடு பொலியெஸ்டரின் பிடி பலவீனமானது. இறுகும்போது சுருங்கவும் செய்யும். மரம் ஈரத்தில் சற்று ஊதி வெயிலில் சுருங்கும்போது, பொலியெஸ்டர் ஓடு போல விலகி, இடையில் தண்ணீர் புகுந்து தங்கிவிடும். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே மரம் உக்கும். மரத்தின் மேல் எபொக்சியே சரி. விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் 50 கிராம் துணிக்குத் தேவையான எபொக்சி மிகக் கொஞ்சம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

   

துணி என்ற பெயரில் வரும் எல்லாமே நமக்கு உதவாது. யன்னலுக்கு அடிக்கும் பைபர் நுளம்பு வலை பிளாஸ்டிக் பூசியது. ரெசின் அதில் ஊறாது. தறியிலிருந்து இறக்கியபடியே விற்கும் கண்ணாடித் துணியில் நெசவுக்காகப் பூசிய கஞ்சியும் எண்ணெயும் இருக்கும். நல்ல துணியில் அதைச் சூட்டில் எரித்து நீக்கி, ரெசினோடு பிடிக்கும்படி சிலேன் என்ற பூச்சுக் கொடுத்திருப்பார்கள். பார்வைக்கு இரண்டும் வெள்ளைதான். கண்டுபிடிக்கும் வழி எளிது. உள்ளங்கையளவு துண்டைப் பொலித்தீன் மேல் வைத்து எபொக்சி சில துளி விட்டுப் பரப்புங்கள். சில நிமிடத்தில் துணி கண்ணுக்குத் தெரியாமல் மறைய வேண்டும். இழைகள் வெள்ளைக் கோடுகளாகவே நின்றால் அந்தத் துணியைப் படகில் போடாதீர்கள்.

இனிப் போடுகிற வேலை. இங்கே கிடைக்கும் மரங்களில் லுனுமிதெல்ல, அதாவது மலைவேம்பு, பாரமில்லாதது, கீற்றாக நன்றாக வளையும். ஆனால் ரெசினைக் குடிக்கும். அதனால் முதலில் மெல்லிய ஒரு பூச்சுக் கொடுத்து, இறுகவிட்டு, 120 ஆம் இலக்க சாண்ட் பேப்பரால் தேய்த்துத் தூசி துடைத்துவிடுங்கள். படகைக் கவிழ்த்து வைத்து, துணியை உலர்ந்தபடியே மேலே விரியுங்கள். துணியைச் சுருட்டித்தான் வைத்திருக்க வேண்டும். மடித்து வைத்த கோடு கடைசிவரை போகாது. மென்மையான தூரிகையால் ஏராவிலிருந்து இருபுறமும் கீழ்நோக்கித் தடவிப் படிய வையுங்கள். அணியத்தில் கூடும் துணியைக் கத்தரியால் ஒரே ஒரு வெட்டு வெட்டி ஒன்றன்மேல் ஒன்று வரச் சாத்துங்கள்.

பிறகு நடுவில் சிறிது எபொக்சி ஊற்றி, பழைய ரீலோட் கார்ட் ஒன்றால் வெளிநோக்கித் தள்ளுங்கள். அந்த நிமிடம் பார்க்க வேண்டியது. வெள்ளைத் துணி, அட்டை போன வழியெல்லாம் மறைந்து, கீழே மரத்தின் ரேகை ஈரமாக எழுந்து வரும். எங்காவது பால்நிறம் நின்றால் அங்கே காற்று, அல்லது ரெசின் பற்றாக்குறை. எங்காவது மினுமினுத்துத் தேங்கினால் அங்கே அளவு கூடிவிட்டது. துணி மரத்திலிருந்து மிதக்கத் தொடங்கிவிட்டது. சரியாக இருந்தால் மேற்பரப்பு மங்கலாக, நெசவின் மேடுபள்ளம் விரலுக்குத் தட்டுப்படும்படி இருக்கும். அந்தப் பள்ளங்களை அன்றைக்கே நிரப்ப ஆசைப்படாதீர்கள். அதற்குத்தான் அடுத்த இரண்டு பூச்சு.

இதே மாத்தளை மாவட்டத்தில் ஹப்புவிட கைவினைஞர்கள் அரக்கை நூலாக இழுத்து, கட்டைவிரல் நகத்தால் நறுக்கி மரத்தில் பதிக்கிறார்கள். மரத்தின் மேல் மெல்லிய படையைத் தங்கவைக்கும் வித்தை இந்த மண்ணில் இருக்கிறது. உங்கள் கைக்கு இது கடினமாகாது.

இங்குள்ள காலநிலையையும் கவனியுங்கள். ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை மழையும் ஈரப்பதமும். அந்த நாட்களில் சில எபொக்சிகளின் மேல் இறுகும்போது மெழுகு போன்ற பிசுபிசுப்புப் படலம் எழும்பும். அதன்மேல் தேய்த்துப் பெயின்ட் அடித்தாலும் பிடிக்காது. முதலில் வெறும் நீராலும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாராலும் கழுவித் துடைக்க வேண்டும். வெயில் ஏறும் காலை நேரத்தில் துணி போடாதீர்கள். மரம் சூடாகச் சூடாக அதனுள் இருக்கும் காற்று விரிந்து குமிழியாக மேலே வரும், நூற்றுக்கணக்கில் ஊசித் துளை விழும். மழையில்லாத நாளில், வெப்பம் இறங்கத் தொடங்கும் பிற்பகலில் தொடங்குங்கள். எபொக்சியை ஆழமான கப்பில் மொத்தமாகக் கலக்க வேண்டாம், சூடேறிக் கையிலேயே இறுகிவிடும். சிறிது சிறிதாகக் கலந்து, அகன்ற தட்டில் ஊற்றிப் பாவியுங்கள். ஹார்ட்னரின் அளவைக் கூட்டினால் விரைவாக இறுகும் என்பது பொலியெஸ்டர்ப் பழக்கம். எபொக்சியில் விகிதம் பிசகினால் கடைசிவரை சரியாக இறுகாது. தராசில் நிறுத்துக் கலக்குங்கள்.

படகின் உட்புறத்துக்கும் எபொக்சி ஒரு பூச்சாவது வேண்டும். வெளியே மூடிவிட்டு உள்ளே திறந்து விட்டால், ஈரம் உள்வழியாக ஏறி மரத்தை முறுக்கும்.

கையுறை இல்லாமல் எபொக்சியைத் தொடாதீர்கள். இன்று ஒன்றும் செய்யாதது போலிருக்கும். பழகப் பழக ஒருநாள் உடல் அதை ஏற்க மறுத்து, அதன் வாசனைக்கே தோல் தடிக்கத் தொடங்கும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் இந்த வேலை செய்ய முடியாது. இறுகிய துணியைத் தேய்க்கும்போது முகக்கவசமும் பாதுகாப்புக் கண்ணாடியும் போடுங்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. ஆசிரியர்கள் இதைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கு விடக் கூடாது. கையுறை இல்லையென்றால் அன்றைக்கு வேலையும் இல்லை என்றே சொல்லுங்கள்.

கடைசியாக, வாங்குவது எப்படி என்ற கேள்வி. மெல்லிய துணி நம் ஊர்க் கடைகளில் எளிதில் அகப்படாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அது இல்லாத பொருளல்ல: மாதிரி விமானக்காரர்கள் 25, 50 கிராம் துணியைப் பாவிக்கிறார்கள். அலைச்சறுக்குப் பலகைக்கு உலகெங்கும் 4 அவுன்ஸ் துணி, அதாவது 135 கிராம், வழக்கம். பெரிய மோட்டார்ப் படகுக்கு அதுவும் ஒப்பேறும். தனியாக ஒருவர் அரை மீற்றர் கேட்டால் யாரும் வரவழைத்துத் தர மாட்டார்கள். இங்கே இருக்கும் பத்துப் பதினைந்து பேரும் சேர்ந்து 50 கிராமில் ஒரு ரோலும் 80 கிராமில் ஒரு ரோலும் கேட்டால் தருவார்கள். இன்றே பெயர் எழுதுங்கள், காசு சேர்த்து வாங்குங்கள், துணியைப் பாடசாலையிலோ பட்டறையிலோ ஈரமில்லாத ஓரிடத்தில் சுருட்டி நிறுத்தி வையுங்கள். மேட் வாங்க வைத்திருக்கும் பணத்தை அதுவரை செலவழிக்காதீர்கள்.